ஓடிப்போன சிறுவன்

ஒரு கதையை உளமாரப் போற்றுகின்றவனுக்கு, அதனை வேறொருவர் வேறு வடிவில் மீண்டும் சொல்லப் புகும்போது ஆவலும் அச்சமும் ஒருங்கே எழுதல் இயல்பு. விரும்பிய மாந்தரை இன்னொரு முறை காணப் போகின்றோம் என்பது ஆவல். அவர்கள் நாம் அறிந்தவர்களாகவே வருவார்களா என்பது அச்சம். வாரந்தோறும் காத்திருந்து படித்த தொடர்கதையைப் பின்னர்த் திரையில் கண்டவர்கள் இவ்விரண்டையும் நன்கு அறிவர். அமெரிக்காவில் உருவான ஒரு சித்திரத் தொடர் முதுமையில் எனக்கு இவ்வனுபவத்தைத் தந்தது என்று சொன்னால், அன்பர்கள் சிலர் புன்னகை செய்யக்கூடும். குழந்தைகளுக்கான கார்ட்டூனைப் பற்றி இலக்கிய மலரில் எழுதலாமா என்ற ஐயமும் எழலாம். எழுதலாம் என்பதே என் துணிபு. நல்ல கதை எந்த உடையில் வந்தாலும் கதையே.

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்பது அத்தொடரின் பெயர். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியெட்ஸ்கோ என்னும் இருவர் படைத்த அது, 2005 பிப்ரவரி முதல் 2008 ஜூலை வரை நிக்கலோடியன் தொலைக்காட்சியில் வெளிவந்தது. நீர், நிலம், நெருப்பு என மூன்று பகுதிகள். மொத்தம் 61 அத்தியாயங்கள். அக்கதையின் உலகில் நீர்க்குடியினர், நில அரசினர், நெருப்பு நாட்டினர், காற்று நாடோடிகள் என நான்கு மக்கட்கூட்டத்தார் வாழ்கின்றனர். ஐம்பூதங்களில் வான் ஒன்று நீங்கலாக ஏனைய நான்கும் அங்கே மனிதரின் கைக்கு வசப்படுகின்றன. அவ்வித்தையின் அசைவுகளைக்கூட அவர்கள் மனம்போன போக்கில் வரையவில்லை. சீன நாட்டுப் போர்க்கலைகளில் நீருக்குத் தாய்ச்சி, நிலத்துக்கு ஹுங்கார், நெருப்புக்கு வடக்கு ஷாவொலின், காற்றுக்குப் பாகுவா எனத் தேர்ந்தெடுத்து, ஆசிரியர் ஒருவரின் துணையோடு அமைத்தனர். நான்கையும் ஆளவல்லவர் உலகில் ஒருவரே, அவரே அவதார். பிறந்து இறந்து மீண்டும் பிறந்து உலகின் நடுநிலையைக் காப்பது அவர் கடன். நம் நாட்டுச் சொல்லும், நம் நாட்டு மறுபிறவி எண்ணமும் கடல் கடந்து சென்று இவ்வாறு ஒரு கதைக்கு வித்தாயின.

அந்தப் பிறவியில் அவதாராக வந்தவன் ஆங் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், மடத்தில் வளர்ந்தவன், தலை மழித்தவன், விளையாட்டில் ஓயாதவன். பனிப்பாறைக்குள் நூறாண்டுகள் உறைந்து கிடந்து அவன் கண் விழிக்கும்போது, அவன் இனத்தார் அனைவரையும் நெருப்பு நாட்டுப் படை கொன்று முடித்திருக்கின்றது. எஞ்சியவன் அவன் ஒருவனே. இத்தனை பெரிய துயரத்தின்மேல் நின்றுகொண்டு, பென்குவின் பறவையின் முதுகில் ஏறிப் பனியில் சறுக்கி விளையாட விரும்புகின்றான் அச்சிறுவன். சிரிப்பையும் இழப்பையும் ஒரே முகத்தில் காட்டும் இந்த ஆற்றலே என்னை அத்தொடரின்பால் ஈர்த்தது.

இக்கதையை நடிகர்களைக் கொண்டு எடுக்க இருமுறை முயன்றிருக்கின்றனர். முதல் முயற்சி 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம். அதனை இயக்கியவர் எம். நைட் சியாமளன், மாஹேயில் பிறந்தவர், தாய்வழியில் தமிழர். நம்மவர் ஒருவர் கைப்பட்ட படம் என்று மகிழத்தான் மனம் விரும்புகின்றது. ஆயினும் இருபது அத்தியாயங்களின் கதையை ஒன்றே முக்கால் மணிநேரத்துக்கும் குறைவான பொழுதில் அடைக்கப் புகுந்ததால், மாந்தர் நிகழ்ச்சிகளைத் தாமே அறிவிக்கும் கட்டியக்காரர்களாகிப் போயினர். ஆசிய நாடுகளின் சாயலில் படைக்கப்பட்ட சிறுவர் வேடங்களுக்கு வெள்ளையரைத் தேர்ந்தெடுத்ததும் பலத்த கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அப்படத்தைப் பற்றி மேலும் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாம் முயற்சியே இக்கட்டுரைக்குப் பொருள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் இதனை அறிவித்தது. மூலத்தைப் படைத்த இருவரும் முதலில் பொறுப்பேற்று, பின்னர் 2020 ஆம் ஆண்டில் விலகிக்கொண்டனர். ஆல்பர்ட் கிம் தலைமையில் உருவான முதற்பருவம், எட்டு அத்தியாயங்களாக 2024 பிப்ரவரி 22 அன்று வெளிவந்தது.

அதனைக் குறைகூறுவதற்கு முன் அதன் நிறைகளைச் சொல்வது முறை. இம்முறை வேடங்களுக்கேற்ற முகங்களைத் தேடி எடுத்திருக்கின்றனர். ஆங் ஆக வரும் கார்டன் கார்மியர் என்னும் சிறுவனின் கண்களில் மாசற்ற ஒளி இருக்கின்றது. தந்தையால் முகத்தில் சுடப்பட்டு நாடு கடத்தப்பட்ட இளவரசன் சூக்கோவாகத் தோன்றும் டல்லஸ் லியூ, சினத்துக்கு அடியில் கிடக்கும் ஏக்கத்தை மறவாமல் நடித்திருக்கின்றார். மூலத்தில் இல்லாத சில காட்சிகளும் சிறப்பாக அமைந்துள்ளன. சூக்கோ தண்டிக்கப்பட்டதற்குக் காரணம், இளம் வீரர்களின் படைப்பிரிவு ஒன்றைப் பலிகொடுக்கும் திட்டத்தை அவன் எதிர்த்ததே. அது மூலக்கதை. அவனால் உயிர் பிழைத்த அந்த வீரர்களே அவனுடைய கப்பலின் மாலுமிகள் என்பது புதிய தொடரின் சேர்க்கை. தங்களுக்காகவே இவன் முகம் கருகியது என்று அவர்கள் அறியும் இடம், மூலத்தைப் படைத்தவர்களே ‘நமக்குத் தோன்றவில்லையே’ என்று எண்ணத்தக்க இடம். மகனைப் போரில் இழந்த ஐரோவின் அருகில், துக்க வீட்டில், சிறுவன் சூக்கோ வந்து அமரும் காட்சியும் அத்தகையதே.

ஆகவே, மூலத்தை மாற்றினார்கள் என்பது என் குறை ஆகாது. மாற்றிச் சொல்லுதல் நமக்குப் புதிதன்று. வழிநூல் என்றொரு வகையை வகுத்து, தொகுத்தும் விரித்தும் மொழிபெயர்த்தும் செய்யலாம் என்று தொல்காப்பியமே இடம் தந்திருக்கின்றது. என் குறை வேறு. எதை மாற்றினார்கள் என்பதைச் சொல்கின்றேன்.

மூலத் தொடரின் முதற்பகுதியில் ‘புயல்’ என்னும் அத்தியாயம் ஒன்று உண்டு. தான் அவதார் என்பதை ஆங் அறிந்த பின்னர், அவனோடு விளையாடும் தோழர்கள் விலகுகின்றனர். தந்தையினும் மேலாக வளர்த்த துறவி கியாட்சோவிடமிருந்து அவனைப் பிரித்து வேறொரு மடத்துக்கு அனுப்ப மூத்தோர் முடிவு செய்கின்றனர். அதனை ஒளிந்து கேட்ட சிறுவன் ஓர் ஓலையை எழுதி வைத்துவிட்டு இரவோடு இரவாக ஓடிப்போகின்றான். ‘உன்னை அவர்களிடம் விடமாட்டேன்’ என்று சொல்வதற்காகவே கியாட்சோ அறைக்குள் வருகின்றார். அங்கே வெறும் ஓலைதான் கிடக்கின்றது. ஓடியவன் புயலில் சிக்கிக் கடலுள் உறைந்து போகின்றான். அவன் இல்லாத வேளையில் நெருப்பு நாட்டார் வந்து எல்லாரையும் அழிக்கின்றனர். அவன் உலகைக் காக்க எடுக்கும் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் அந்த ஓட்டத்தின் நினைவு நிற்கின்றது.

புதிய தொடரில் அவன் ஓடுவதில்லை. செய்தி கேட்டுக் கலங்கி, மனம் தெளிவதற்காகச் சிறிது நேரம் பறந்துவிட்டு வருவோம் என்றே தன் பறக்கும் எருமையின்மேல் ஏறிப் புறப்படுகின்றான்; திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போகின்றான். இடையில் புயல் வருகின்றது. பிற்பகுதியில் பிறர் அவனைக் குற்றஞ்சாட்டுகின்றனர், அவனும் வருந்துகின்றான். ஆனால் பார்க்கின்ற நமக்கு அவன் குற்றமற்றவன் என்று முன்பே தெரியும். பழி இருக்கின்றது, பிழை இல்லை. காலநிலையின்மேல் ஏற்றப்பட்டுவிட்டது அவனுடைய பிழை.

இச்சிறு மாற்றம் எனக்கு ஏன் இத்துணைப் பெரிதாகப் பட்டது என்பதற்கு என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். 2019 ஆம் ஆண்டின் இறுதியில் என் மனைவியை மருத்துவமனையிலிருந்து தில்லியில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இனிச் செய்வதற்கு ஏதுமில்லை என்ற நிலை. பாட்டியிடம் உயிரை வைத்திருந்த என் பேத்திக்கு அப்போது பத்து வயது. பாட்டி அவளைப் பெயர் சொல்லி அழைத்தாள். குழந்தை வரவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அன்றிரவே என் மனைவி காலமானாள். அதைப் பற்றி யாரும் குழந்தையை ஒரு சொல்லும் கேட்கவில்லை; அவளும் பேசவில்லை. பேசாமையே ஒரு நோயாக அவளுக்குள் வளர்ந்துவந்ததை நாங்கள் கண்டோம், மருந்துதான் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு பெருந்தொற்று எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்த நாள்களில், அவளும் நானுமாக அச்சித்திரத் தொடரைப் பார்த்தோம். ‘புயல்’ அத்தியாயம் முடிந்ததும் அவள் அடுத்ததைப் போட விடவில்லை. “தாத்தா, ஓடிப்போனதுக்கு அப்புறமும் அவன் நல்லவன்தானா?” என்று கேட்டாள். “நல்லவன்தாம்மா. நல்லவன்கிறதாலேதான் அவனுக்கு அது இன்னும் வலிக்குது” என்றேன். அவள் நெடுநேரம் என் தோளில் முகம் புதைத்து அழுதாள். பாட்டி இறந்த பின்னர் அவள் அழுதது அன்றுதான். பிறகு, பாட்டி எதற்காகக் கூப்பிட்டிருப்பாள் என்று கேட்டாள். அதன்பின் எங்கள் வீட்டில் பாட்டியைப் பற்றிப் பேச முடிந்தது.

புதிய தொடரையும் நாங்கள் சேர்ந்தே பார்த்தோம். அவளுக்கு இப்போது வளர்ந்த பருவம். குறைகளைச் சிரித்துக் கடந்துவிடும் பக்குவம் வந்திருக்கின்றது. ஆங் பறந்துபோகும் காட்சி முடிந்ததும், “இவன் ஓடவே இல்லையே தாத்தா” என்று மட்டும் சொன்னாள். அச்சொல்லுக்கு மேல் ஒரு விமரிசனத்தை நான் எங்கும் படிக்கவில்லை. பிழை செய்யாத சிறுவன் அவளுக்குத் துணையாக வரமாட்டான். பிழை செய்து, அதனோடு வாழ்ந்து, அதனைத் தாண்டி வளர்ந்த சிறுவனே துணையாக வந்தான்.

இதே கை மற்றோரிடத்திலும் பட்டிருக்கின்றது. மூலத்தில் சாக்கா என்னும் இளைஞன், போர் ஆண்களுக்கே உரியது என்ற எண்ணத்தோடு கியோஷித் தீவின் வீராங்கனைகளை எள்ளி நகையாடுவான். அவர்களிடமே தோற்று, மண்டியிட்டு, கற்றுத்தருமாறு வேண்டி, அவர்களுடைய உடையையும் முகச்சாயத்தையும் அணிந்து பயிலுவான். புதிய தொடரில் அந்த ஏளனம் பெரிதும் குறைக்கப்பட்டுவிட்டது. அதனை வேண்டுமென்றே குறைத்ததாக நடித்தவர்களும் சொல்லியிருக்கின்றனர். நோக்கம் நல்லதே. ஆயின், செருக்கு இல்லாதவன் பணிவதில் என்ன பொருள் இருக்கின்றது? நோயை நீக்கியவர்கள், நோய் தீர்ந்த கதையையும் உடன் நீக்கிவிட்டனர்.

ஏன் இவ்வாறு செய்தார்கள்? எண்ணிப் பார்க்கையில் இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. கோட்டால் வரைந்த சிறுவன் தவறு செய்தால் நாம் எளிதில் மன்னிக்கின்றோம். உயிருள்ள முகம் அதே தவறைச் செய்யும்போது உறைக்கின்றது. இது முதற்காரணம். கதையின் தலைவனை எவரும் வெறுத்துவிடக் கூடாதே என்ற இக்காலத்து அச்சம் மற்றொன்று. இரண்டும் விளங்கக்கூடியவையே. ஆனால் கதைசொல்லிக்கு அச்சம் ஆகாது.

கம்பனை நினைத்துக்கொள்கின்றேன். வால்மீகியின் கதையில் அவன் கைவைக்காத இடம் அரிது. சீதையைத் தீண்டாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுத்துச் செல்லுமாறு இராவணனை மாற்றினான். இரணியன் கதையை ஒரு படலமாகச் சேர்த்தான். நாட்டின் மரபுக்கும் மக்களின் நெஞ்சுக்கும் ஏற்ப எத்தனையோ திருத்தினான். ஆயினும் மறைந்து நின்று வாலியின்மேல் அம்பெய்த செயலை அவன் துடைத்துவிடவில்லை. கடவுளாகவே தான் வணங்கிய தலைவனின்மேல் கறை படிந்திருக்கின்றதே என்று அஞ்சி, புயலின்மேலோ விதியின்மேலோ பழியைப் போட்டு ஒதுங்கவில்லை. அடிபட்டுக் கிடக்கும் வாலியின் வாயில் நீண்ட கேள்விகளை வைத்து, அவற்றை இராமன் செவியில் விழச் செய்தான். விடை போதுமா என்று தமிழர் இன்றளவும் பட்டிமன்றம் கூட்டிப் பேசிக்கொண்டிருக்கின்றனர். அக்காப்பியம் நம்மோடு வாழ்வதற்கு அந்தக் கறையும் ஒரு காரணம்.

வழிநூல் செய்பவர் இடத்தை மாற்றலாம், காலத்தை மாற்றலாம், இல்லாத மாலுமிகளைப் படைத்து நம்மைக் கண்கலங்க வைக்கலாம். தலைவனின் பிழையை மட்டும் தூய்மை செய்யலாகாது. குழந்தைகள் கதைகளில் தேடுவது தங்களைவிட நல்ல குழந்தைகளை என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கின்றோம். இருட்டில், யாருக்கும் சொல்லாத ஒரு பிழையைக் கையில் பொத்திவைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் குழந்தை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கக்கூடும். அதன் அருகில் வந்து அமர்வதற்கு, தானும் ஓடிப்போன ஒருவனே தகுதியுடையவன்.