துக்கம் விசாரித்தல்

புனே நகரில் நாம் சில வருஷம் வாசம் செய்ததுண்டு. குடியேறிய முதல் வாரத்தில் ஒருநாள், பக்கத்து வீட்டு மராத்தி அம்மையார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று ஜாடையால் கேட்டோம். "டோகே துக்தே" என்றார். 'துக்கம்' என்று நம் காதில் விழுந்ததுதான் தாமதம், யாரோ காலமாகிவிட்டார் என்று தீர்மானித்து, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அருகில் நின்றோம். பிறகல்லவா தெரிந்தது, அம்மையாருக்கு வெறும் தலைவலி என்று!

வடமொழியிலிருந்து புறப்பட்ட இந்த ஒரு சொல் போன இடமெல்லாம் எத்தனை வேஷம் பூண்டிருக்கிறது! மராத்தியிலும் குஜராத்தியிலும் உடம்பு வலித்தாலும் அதுதான். வங்காளிகள் தவறுக்கு வருத்தம் தெரிவிக்கும்போது 'துக்கிதோ' என்கிறார்கள். இந்தோனேஷியர்கள் இன்ப துன்பத்தைச் 'சுகா துகா' என்கிறார்கள். புத்தர் பெருமான் உபதேசித்த முதல் உண்மையோ இவை எல்லாவற்றையும்விட விரிந்தது. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு மட்டுமல்ல. விரும்பாதவரோடு கூடியிருப்பதும், விரும்பியவரைப் பிரிவதும், வேண்டியது கிட்டாததும் துக்கமே. சீனர்கள் அதை மொழிபெயர்க்கையில் 'கசப்பு' என்று பொருள்படும் தங்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மணிமேகலை பாடிய சாத்தனார் 'துன்பம்' என்று நல்ல தமிழில் சொன்னார்.

ஆனால் நம் பேச்சு வழக்கில் துக்கம் என்றால் பெரும்பாலும் சாவு வீடுதான். இவ்வளவு பெரிய சொல்லை இப்படிக் குறுக்கிவிட்டோமே என்று நமக்கு ஒரு குறை இருந்தது.

அடுத்த வருஷம் நம் தாயார் காலமானார். ஊருக்குப் போய்க் காரியங்களை முடித்துக்கொண்டு புனே திரும்பினோம். காலம் ஆற்றும் என்று நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். நமக்கு அழுகை வரவில்லை. அன்று மாலை மராத்தி அம்மையார் வந்தார். அதற்குள் அவர் பாஷை நமக்கு ஒருவாறு பழகியிருந்தது. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தாயார் என்ன சமைப்பார், யாரைப் போல் இருப்பார், கடைசியாக என்ன பேசினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல, 15 நாளாக வராத கண்ணீர் வந்துவிட்டது.

'துக்கம் விசாரித்தல்' என்னும் தமிழ் வழக்கின் அருமை அன்றுதான் நமக்கு விளங்கிற்று. துக்கத்தைத் தீர்ப்பது என்று நம் பெரியோர் சொல்லவில்லை. விசாரிப்பது என்றே சொன்னார்கள். அதைத் தீர்க்க யாரால் முடியும்? கேட்க எல்லோராலும் முடியும்.

இப்போதெல்லாம் துக்க வீடுகளில் நாம் வேதாந்தம் பேசுவதில்லை. "கடைசியாக என்ன சொன்னார்?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறோம்.