புழுங்கலரிசியும் ஒற்றைப்படை எண்களும்

நரம்பு நோய்களின் வரலாறு என்றால் பாரிசும் இலண்டனுமே நூல்களில் முன்னிற்கின்றன. நம் கோலாலம்பூருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அப்பக்கத்தில் நம்மவர் உண்ட சோறும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி வாட்டியது. நரம்புகளைத் தாக்கும் நோய் அது. கால்கள் மரத்துப்போகும், தசை மெலிந்து நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கி இதயமே ஓய்ந்துவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பெருந்தொகையாக மாண்டனர். தமிழரையோ அந்நோய் அரிதாகவே அணுகியது. தமிழர் உண்டது புழுங்கலரிசி. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி. சிரம்பானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியபோது பலர் ஏற்கவில்லை.

ஏற்காதவருள் ஒருவர் மருத்துவர் வில்லியம் பிளெச்சர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் இருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கட்டடத்தில் தங்கி, வழக்கமான சயாம் வெள்ளையரிசியையே உண்டனர். இரட்டைப்படை எண்ணினர்க்கு எதிர்க்கட்டடம், வங்காளத்துப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. புதிதாக வந்தோரும் இரு பக்கமும் சேர்க்கப்பட்டனர். 1906 இறுதிக்குள் வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907இல் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. அச்சத்தை ஜாவாவில் பிரித்தெடுத்தது 1926இல்தான். நம் பாட்டிமார் அதற்காகவா நெல் அவித்தார்கள்!

பிளெச்சர் புதிதாக எந்த நஞ்சையும் ஊட்டவில்லை; முன்பு உண்ட அரிசியைத்தான் பாதிப்பேர் தொடர்ந்து உண்டனர். இருப்பினும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஒரு பக்கம் மட்டும் சாவு விழுவது ஆண்டு முடியுமுன்பே கண்ணில் பட்டிருக்குமே! உயர்ந்த மதிலுக்குள் இருந்த அம்மனிதர்களிடம் ஒப்புதல் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. வேண்டாமென்று எழுந்து போகவும் அவர்களால் இயலாது.

உணவுப் பாடத்தின்போது மாணவர்களுக்கு இதனைச் சொல்லவிருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையில் புழுங்கலரிசி ஒரு பொட்டலம் வாங்கிவைத்திருக்கிறேன். வகுப்பில் பாதிப்பேர் அதனைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.