லயத்துக்கு வந்த லினக்ஸ்

எங்க லயத்தில் நாலு பேர் மாறி மாறிப் பாவிக்கிற லெப்டொப் ஒன்று இருக்கு. 4 ஜிபி ரெம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 இதில் இல்லை. புதுசு வாங்கலாம்தான், கொழுந்துக் காசில் அது நடக்கிற காரியமா?

உபுண்டு நல்லதுதான், ஆனால் 4 ஜிபிக்குப் பாரம். அதனால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தெரிவு செய்தோம். கிட்டத்தட்ட 3 ஜிபி. பதுளை டவுனில் கூட்டாளி வீட்டு வைஃபையில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினோம்.

பயம் முழுக்க தங்கச்சியின் ஏ.எல். நோட்ஸைப் பற்றித்தான். நல்லவேளை, இன்ஸ்டோல் பண்ணாமலே பென் டிரைவிலிருந்து மின்டை ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டியே நோட்ஸ் எல்லாவற்றையும் வேறொரு பென்னுக்கு கொப்பி பண்ணி, திறந்தும் பார்த்தோம். பிறகும் 'டிஸ்க்கை முழுசா அழி' என்பதை அமத்தும்போது கை நடுங்கத்தான் செய்தது. அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. ஐபஸ் வழியாக ரெங்கநாதன் விசைப்பலகையையும் சேர்த்தோம்.

தோட்டத்துக்கு இலவசமா எது வந்தாலும் பின்னாலேயே ஒரு பேனரும் போட்டோவும் வரும். இதற்கு யாரும் எங்களை வரிசையில் நிற்க வைக்கவில்லை. அடுத்தவருக்கு கொப்பி பண்ணிக் கொடுத்தாலும் களவில்லை. அதற்கான உரிமையும் சேர்ந்தேதான் வருது.

பென் டிரைவ் இப்ப மேல் லயத்தில் இருக்கு.