விழுவது என் வேலை

2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த 'வேட்டுவம்' படப்பிடிப்பில் ஸ்டண்ட் கலைஞர் மோகன்ராஜ் உயிரிழந்தார். சாய்தளத்தில் ஏறிப் பாய்ந்த கார் கவிழ்ந்து விழும் காணொளி வாட்ஸ்அப்பில் பரவியது. என் அம்மாவுக்கும் வந்தது. அன்றிரவு நான் வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நீ பண்றதும் இந்த வேலைதானே?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நான் ஸ்டண்ட் கலைஞனாவதற்கு முன் ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு தேக்கா பக்கம், பஃப்ளோ ரோட்டில். பதின்மூன்று வயதில் ஒரு பழைய பலகையை வாங்கினேன். புளோக்குக்குக் கீழே ஓட்டினால் பெரியவர்கள் விரட்டுவார்கள். அதனால் லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, டோபி காட்டில் மாறி, சாமர்செட் ஸ்கேட் பார்க்குக்குப் போவேன். இரண்டே நிறுத்தம்தான். ஆனால் அது வேறு உலகம். பலகையின் வாலைக் காலால் தட்டி, அதோடு சேர்ந்து எழும்புவதை 'ஒல்லி' என்பார்கள். அதைக் கற்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது. முட்டி கிழிந்த ஜீன்ஸை அம்மா தைப்பார். "இதுல சோறு கிடைக்குமா?" என்று அப்பா கேட்பார்.

2021ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முறையாக இடம்பெற்றது. ஜப்பானின் மொமிஜி நிஷியா 13 வயதில் தங்கம் வென்றார். "இதுக்கெல்லாம் தங்கம் தர்றாங்களா!" என்று அப்பா வியந்தார். தேசிய சேவையை முடித்திருந்த எனக்கோ, அந்த உயரம் என்னால் எட்ட முடியாதது என்று அன்றே புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு விளம்பரப் படத்தில் நடிகருக்குப் பதிலாகப் பலகையோடு படிக்கட்டில் பாய ஆள் தேடினார்கள். நாம் 'டூப் போடுவது' என்போமே, அதுதான். இது எனக்கு முன்பே பலர் நடந்த பாதை. 1985ல் வெளிவந்த 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் கதாநாயகனுக்காகப் பலகை ஓட்டியவர்களில் ஒருவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்கேட்போர்டு வீரர் பெர் வெலிண்டர். புகழ்பெற்ற டோனி ஹாக்கும் 'போலீஸ் அகாடமி 4' படத்தில் டூப் போடப் போனார். உயரம் அதிகம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள்!

பலகை எனக்கு விழக் கற்றுக்கொடுத்திருந்தது. கையை ஊன்றக்கூடாது, தாடையை மார்போடு சேர்க்க வேண்டும், தோளில் விழுந்து உருள வேண்டும். ஆனால் ஸ்கேட் பார்க்கில் எப்போது பாய்வது, எப்போது நிறுத்துவது என்பதை நானே முடிவு செய்வேன். படப்பிடிப்பில் அதை வேறொருவர் முடிவு செய்கிறார். கேமரா கோணம் சரியில்லை என்றால் அதே இடத்தில், அதே மாதிரி மறுபடியும் விழ வேண்டும்.

ஒரு படப்பிடிப்பில் நள்ளிரவு தாண்டியிருந்தது. நான்காவது முறை விழத் தயாரானபோது மெத்தை சற்று விலகியிருப்பதைப் பார்த்தேன். இருபது பேர் காத்திருந்தார்கள். சொன்னால் அடுத்த வாய்ப்பு போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. களைப்பில் கையை ஊன்றிவிட்டேன். மணிக்கட்டு முறிந்தது.

இரண்டு மாதம் வேலையில்லை. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் நிறுவன ஊழியர்களுக்குத்தான். என்னைப் போன்ற சுயதொழில் செய்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எனக்காக மத்திய சேமநிதியில் பணம் போட முதலாளியும் இல்லை. காப்புறுதியை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுத்திருக்கவில்லை. வீட்டில், ஸ்கேட் பார்க்கில் விழுந்துவிட்டதாகப் பொய் சொன்னேன்.

மோகன்ராஜ் செய்தி வந்த அந்த இரவில்தான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"விழுறதுக்கு அவ்வளவு கத்துக்கிட்டியே. வேணாம்னு சொல்ல ஏன்யா கத்துக்கல?"

எங்கள் தொழிலுக்கு மரியாதை வந்துகொண்டிருக்கிறது. 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன், சண்டைக்காட்சி அமைப்புக்கான இந்திய தேசிய விருதை முதன்முதலாகப் பெற்றார். 2028ல் நடக்கவுள்ள 100வது ஆஸ்கார் விழாவில் ஸ்டண்ட் வடிவமைப்புக்கும் விருது தரப்போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் நள்ளிரவில், மெத்தை விலகியிருக்கும்போது, "நிறுத்துங்க மாஸ்டர்" என்று நான்தான் சொல்ல வேண்டும். எந்த விருதும் அதை எனக்காகச் சொல்லாது.

முதலில் விபத்துக் காப்புறுதி எடுத்தேன். சில மாதங்கள் கழித்து, ஒத்திகை இல்லாமல் மாடிப்படியில் உருளச் சொன்ன ஒரு வேலையில் "முடியாது" என்றேன். குரல் நடுங்கியது. வேறொருவரை வைத்து எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை அவர்கள் மறுபடி அழைக்கவும் இல்லை. அந்த மாத வாடகைப் பங்கை அப்பாவிடம் தாமதமாகத்தான் கொடுத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை.

இப்போது நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், "இன்னைக்கு எத்தனை தடவை விழணும்?" என்று அம்மா கேட்பார். எண்ணிக்கையை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறேன்.