காலித் தோட்டாக் கணக்கு

கொடுத்தது 150 தோட்டா. சத்தம் கேட்டதும் 150 தடவைதான். தகர டப்பாவைக் கவிழ்த்து எண்ணினால் 149 காலிக் கூடு.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கல்லூரியின் என்.சி.சி. பையன்கள் 30 பேர், ஆளுக்கு ஐந்து ரவுண்டு. பாயிண்ட் டூ டூ ரைஃபிள். அன்றைக்கு பௌர்ணமி வேறு. இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பாவிட்டால் கிரிவலக் கூட்டத்தில் பஸ் எங்கே நுழையும்? மலை தூரத்தில் நீலமாகத் தெரிகிறது. மதியம் சாப்பிட்ட எலுமிச்சைச் சாதம் எப்போதோ ஜீரணமாகிவிட்டது. ஹவில்தார் ஒரே வரிதான் சொன்னார்: "ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் யாரும் நகரக் கூடாது."

முப்பது பேரும் குனிந்து புல்லைக் கையால் கோதத் தொடங்கினார்கள். முதல் அரைமணி நேரம் சிரிப்பும் கிண்டலும். அடுத்த அரைமணி நேரம் யாரும் பேசவில்லை.

தேடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவனுக்கு மட்டும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அவனுடைய இடது கால் சாக்ஸுக்குள்.

திருடன் எல்லாம் கிடையாது. வீட்டில் தம்பி கேட்டிருந்தான், சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள. சினிமாவில் கதாநாயகன் சுட்டதும் துப்பாக்கியிலிருந்து தங்க நிறத்தில் ஒன்று மெதுவாகச் சுழன்று தரையில் விழுமே, அதுதான் அவர்கள் மனதில் இருந்தது. கையில் கிடைத்ததோ அரை அங்குலத்துக்குச் சற்று மேல் நீளமுள்ள ஒரு பொடிக்குழாய். எடைக்குப் போட்டால் அஞ்சு பைசா தேறாது. இதற்காகவா இத்தனை பேரை முட்டி போட வைக்கிறார்கள் என்று அவனுக்குக் கோபம்கூட வந்ததாம்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து, ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்து, "சார், கிடைச்சிருச்சு" என்றான். ஹவில்தார் வாங்கினார். காலிக் கூட்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தார். டப்பாவில் போட்டார். அது டிங் என்று விழுந்த சத்தம் பஸ்ஸில் வரும்போதும் அவன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே தன் தாய்மாமாவிடம் போய் விஷயத்தைக் கொட்டினான். மாமா ஆயுதப்படைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தீபத்துக்கு எத்தனையோ வருடம் பந்தோபஸ்து நின்றவர். திட்டுவார் என்று நினைத்தான். அவர் முதலில் சிரித்தார்.

"டேய் மாப்ள, காலிக் கேஸ்னா வெறும் பித்தளைன்னு நெனச்சியா? அது ரசீதுடா. நூத்தம்பது வாங்கினேன், நூத்தம்பதும் சுட்டேன்னு சொல்ல அது ஒண்ணுதான் அத்தாட்சி. ஒண்ணு கொறஞ்சா, எவனோ ஒருத்தன் உசுருள்ள தோட்டாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்னுதான் எழுதணும். நீ எடுத்தது காலி. கணக்குல அது நெறஞ்ச தோட்டா. அந்த ஹவில்தார் வேலைக்கு உலை வச்சிருப்ப."

பையனுக்கு அப்போதுதான் வியர்த்தது.

ரைஃபிள் விஷயத்தில் தேடுவதாவது சுலபம். பாயிண்ட் டூ டூவில் போல்ட்டைக் கையால் இழுத்தால்தான் கூடு வெளியே வரும், பக்கத்திலேயே விழும். ரிவால்வர் அதைவிட நல்ல பிள்ளை. சுட்ட ஆறையும் தன் உருளைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும், திறந்து கொட்டிக்கொள்ளலாம். தலைவலி முழுக்க செமி ஆட்டோமேடிக் பிஸ்டலில்தான். மாமா காலத்தில் அவர்கள் சுட்டது 9 எம்.எம். 1ஏ. வங்காளத்தில் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது, பெல்ஜியத்து ப்ரௌனிங் ஹை பவரின் நகல். (இந்த ப்ரௌனிங் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் ஒரு ப்ரௌனிங் பிஸ்டலால்தான்.)

உள்ளே நடப்பது இதுதான். குண்டு முன்னால் போகும்போது அதே வேகம் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது. ஸ்லைடில் இருக்கும் ஒரு சின்னக் கொக்கி, காலிக் கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. வரும் வழியில் இடதுபக்கம் அசையாமல் நிற்கும் ஒரு இரும்பு முனை. கூட்டின் அடிப்பாகம் அதில் இடித்ததும் வலதுபக்க ஜன்னல் வழியாகத் தூக்கி எறியப்படுகிறது. கேரம் போர்டில் காயைச் சுண்டுவதுபோல. பிறகு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, அடுத்த தோட்டா ஏறிவிடும். எல்லாம் கண் இமைப்பதற்குள்.

தோட்டாவின் பலம் கூடக்கூட ஸ்லைடு வேகமாகப் பின்னால் வரும், கூடும் தூரமாகப் பறக்கும். இங்கே ஒரு வேடிக்கை. பெரிய தோட்டா என்றால் தூரம் பறக்கும் என்று நினைப்போம். அப்படியில்லை. பாயிண்ட் ஃபார்ட்டி ஃபைவ் பார்க்க குண்டு, ஆனால் அதன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டுதான். ஒல்லியான 9 எம்.எம்.முக்கு 35,000. 1983இல் வந்த 10 எம்.எம். ஆட்டோவுக்கு 37,500. அதனால்தான் பத்து எம்.எம். வைத்திருக்கும் அமெரிக்கர்கள் காலிக் கூட்டைப் பக்கத்து வீட்டில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று கேலி பேசிக்கொள்கிறார்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் கூடு காலடியில் விழும். ரொம்பக் கெட்டியாகப் போட்டால் கூடு வெளியே வராமல் ஜன்னலிலேயே சிக்கிக்கொள்ளும். துப்பாக்கியின் பக்கத்தில் வலைப்பை மாட்டுவது, வலதுபக்கம் திரை கட்டுவது என்று ஆயிரம் வழி வைத்திருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் விஜய்குமார் 2012இல் லண்டனில் வெள்ளி வாங்கினாரே, அந்த 25 மீட்டர் ராபிட் ஃபயர் போட்டியிலும் வீரர்களுக்கு நடுவே தடுப்பு வைப்பார்கள். பக்கத்தில் சுடுபவன் முகத்தில் சூடான பித்தளை தெறிக்கக் கூடாது அல்லவா?

மாமாவின் படைக்கு அதெல்லாம் இல்லை. "வலது பக்கம் ஒரு தார்ப்பாயை விரிச்சுடுவோம். பாதி அதுல விழும். மீதி எங்க போகும்னு அண்ணாமலையாருக்குத்தான் தெரியும். ஒருதடவை எனக்குச் சட்டைக் காலருக்குள்ள விழுந்துச்சு. கையில லோடான பிஸ்டல். குதிக்கவும் முடியாது, உதறவும் முடியாது. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்." கழுத்துக்குக் கீழே இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது, நெல் அளவில்.

அமெரிக்காவில் இவ்வளவு பாடுபட்டுப் பொறுக்குவதற்குக் காரணம் வேறு. அவர்களுக்கு அது காசு. தோட்டாவில் விலை உயர்ந்த பாகம் பெரும்பாலும் அந்தப் பித்தளைக் கூடுதான். பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர், மருந்து, குண்டு வைத்தால் மறுபடி தோட்டா. பிஸ்டல் கூடு ஒன்றைப் பலமுறை இப்படி நிரப்பலாம். ஆனால் அடியில் ஒரே ஓட்டை உள்ள பாக்ஸர் வகையாக இருந்தால்தான் சுலபம். இரண்டு ஓட்டை உள்ள பெர்டான் வகை என்றால் பெரும்பாடு. பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், பெர்டான் அமெரிக்கர். அமெரிக்கா பிடித்துக்கொண்டது பாக்ஸரை, ஐரோப்பா பிடித்துக்கொண்டது பெர்டானை! நம் பையன் சாக்ஸில் வைத்த பாயிண்ட் டூ டூவோ இதில் எதிலும் சேராது. அதன் வெடிமருந்து விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை சுட்டால் அவ்வளவுதான்.

நம் ஊரில் அனுமதி இல்லாமல் தோட்டா நிரப்புவது 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். தோட்டாவின் பாகங்களும் அந்தச் சட்டத்தில் தோட்டா என்றே வரும். வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சில்லறைப் பாகங்களுக்கு 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது என்பது உண்மைதான். ஆனால் விமான நிலையத்தில் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பிரிவு எண்ணை ஒப்பித்துத் தப்பிக்கலாம் என்று தம்பிமார்கள் யாரும் நம்ப வேண்டாம்.

இந்தப் பித்தளைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. தோட்டாப் பித்தளை என்பது 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைப்பார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கூடுகள் தானாக விரிசல் விட்டிருக்கும். யாரும் தொடவில்லை, சுடவில்லை. காரணம் 1921இல்தான் தெளிவாயிற்று. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, செய்யும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையோடு சேர்ந்து அதைப் பிளந்திருக்கிறது. இன்றைக்கும் கூடு சேகரிப்பவர்கள் அம்மோனியா கலந்த பாலீஷைக் கிட்டே சேர்ப்பதில்லை. நம் வீட்டுக் குத்துவிளக்குக்குப் புளி போதும் என்று பாட்டிகள் சொன்னது எவ்வளவு நல்லது பாருங்கள். அமெரிக்கர்களும் சிட்ரிக் அமிலத்தில் ஊறவைக்கிறார்கள், நம் எலுமிச்சையில் உள்ள அதே அமிலம். (பொறுக்கினால் கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. புகையில் ஈயம் உண்டு.)

காலிக் கூடு பேசவும் செய்யும். சுட்ட துப்பாக்கியின் ஊசி, கொக்கி, இடிக்கும் முனை மூன்றும் அதன்மேல் கீறல் போட்டுவிடும். 1929இல் சிகாகோவில் 7 பேரைச் சுட்டுக்கொன்ற இடத்தில் கிடந்த 70 கூடுகளைக் கால்வின் காடர்ட் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, எந்த இரண்டு துப்பாக்கிகள் என்று சொன்னார். ஜவ்வாது மலையில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மருந்தையும் பால்ரஸையும் குழல் வாய் வழியாக இடித்து நிரப்புவது அது. கூடு ஏது, கீறல் ஏது?

மாமா இவ்வளவும் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான்: "அந்த ஹவில்தாருக்குத் தெரியும்டா. புல்லுல கெடந்த கேஸ் சில்லுனு இருக்கும். நீ குடுத்தது உன் கால் சூட்டுல இருந்திருக்கும். போய்ச் சொல்லிடு."

பையன் போவதா வேண்டாமா என்று இரண்டு பரேடு தள்ளிப்போட்டான். மூன்றாவது பரேடு முடிந்து எல்லோரும் போனபிறகு நின்றான். ஹவில்தார் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னான். அவர் டீயை முடித்து, கிளாஸை வைத்து, "தெரியும்" என்றார். தண்டனை என்று எதுவும் தரவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது அவனுக்கு.

அடுத்த ஃபயரிங்கில் வரிசையில் நின்றவனைக் கூப்பிட்டு அந்தத் தகர டப்பாவைக் கையில் கொடுத்தார். அன்றைக்கு அவனுக்குச் சுடும் வாய்ப்பு இல்லை. 35 பேர், 175 ரவுண்டு. ஒவ்வொருவனும் எழுந்ததும் ஐந்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கூடவே ஒவ்வொருவனின் சாக்ஸையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.