பிரேக் இல்லாத பைக்கும் நீலப் பேனாவும்

 கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள்.

போன கிழமை இங்கிலாந்திலிருந்து எனக்கு ஒரு கடித உறை வந்தது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை. 2015ஆம் ஆண்டின் ஒரு பந்தய நிகழ்ச்சிநிரல் புத்தகம் மட்டும்தான். அங்கே அதைப் 'புரோகிராம்' என்பார்கள். நடுப்பக்கத்தில் நான் பென்சிலால் எழுதிய புள்ளிகள். பக்கத்தில் ஐந்து இடங்களில் நீலப் பேனாவால் திருத்தம். இருபது வருடமாகப் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற என்னை ஒரு மனிதர் திருத்திய தாள் அது.

என் மனைவியின் மேற்படிப்புக்காக நான் சம்பளமற்ற லீவில் 2015, 2016 இரண்டு வருடமும் கொவென்ட்ரி நகரில் இருந்தது பலருக்குத் தெரியும். அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். கார் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து என்னை 'டீச்சர்' என்றே கூப்பிட்டார். நம்மூரில் ஆண் வாத்தியாரை டீச்சர் என்று கூப்பிட்டால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரிடம் அதை விளக்கப் போய், கடைசியில் நானே பழகிவிட்டேன்.

மார்ச் மாதம் பிறந்ததும் அவர் கேட்கத் தொடங்கினார். "டீச்சர், வெள்ளிக்கிழமை பிராண்டனுக்கு வாறியா?"

பிராண்டன் என்பது நகருக்கு வெளியே உள்ள ஒரு சிறு கிராமம். அங்கேதான் ஸ்பீட்வே மைதானம். 1928இலிருந்து அங்கே மோட்டார் சைக்கிள் ஓடிவந்தது. கொவென்ட்ரி அணிக்குப் பெயர் 'பீஸ்', அதாவது தேனீக்கள். கறுப்பும் மஞ்சளும் அவர்களின் நிறம்.

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சாட்டுச் சொல்லித் தப்பினேன்.

உண்மைக் காரணத்தை இப்போது சொல்கிறேன். என்னிடம் சாதாரண தரம் படித்த ஒரு பொடியன் மெயின் ரோட்டில் கூட்டாளிமாரோடு ரேஸ் ஓடி மௌத்தானான். ஜனாஸாவில் அவனுடைய வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர், நீங்க சொன்னாக் கேப்பான், ஏன் சொல்லல்ல?" என்று கேட்டார். அன்றிலிருந்து பைக் முறுக்குகிற சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். காசு கொடுத்து டிக்கட் வாங்கி அதைப் போய்ப் பார்ப்பதா?

நான்காவது தடவை மறுக்க முகமில்லாமல் போனேன்.

வாகனத்தால் இறங்கியதும் ஒரு வாசம். எங்கேயோ பழகிய வாசம். பெரியவரிடம் கேட்டேன். என்ஜினுக்குப் பலர் ஆமணக்கெண்ணெயில் செய்த ஒயிலைத்தான் ஊற்றுகிறார்கள் என்றார். சின்ன வயதில் உம்மா மூக்கைப் பிடித்துப் பருக்கிய அதே ஆமணக்கெண்ணெய்! பேதி மருந்தின் வாசத்தை ஆயிரம் பேர் ஆசையாக மூச்சிழுப்பதை அன்றுதான் கண்டேன்.

பந்தயத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் விசயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த பைக்குக்கு பிரேக் இல்லை. கியரும் ஒன்றுதான். 500 சீசீ என்ஜின், பெற்றோலுக்குப் பதிலாக மெதனோல், மொத்த எடை 80 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. நான்கு பேர் வரிசையாக நிற்பார்கள். முன்னால் கட்டிய நாடா மேலே பறந்ததும் சுமார் 300 மீற்றர் நீள்வட்டப் பாதையில் நான்கு சுற்று. எல்லாம் இடப்பக்க வளைவுதான். வளைவில் பைக்கைச் சரித்துப் பின் சில்லைச் சறுக்க விட்டு, கைபிடியை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு அடித்த இடது சப்பாத்தை நிலத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள். சறுக்குவதுதான் அவர்களுக்கு பிரேக். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வளைவில் நின்றால் சிறு கல்லும் மண்ணும் முகத்தில் அடிக்கும். பழையவர்கள் அதற்கென்றே வளைவில் போய் நிற்பார்கள்.

அவர் ஒரு புரோகிராமையும் பென்சிலையும் என் கையில் தந்து, "எழுது" என்றார். அங்கே எல்லாரும் எழுதுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையும் எழுதுகிறது, எண்பது வயதுக் கிழவியும் எழுதுகிறார். ஒரு இரவில் பதினைந்து ஓட்டம். ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு இருவர். சொந்த அணிக்குச் சிவப்பு, நீல ஹெல்மட். வந்த அணிக்கு வெள்ளை, மஞ்சள். முதலாமவருக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசிக்கு முட்டை. ஓர் ஓட்டத்துக்கு 6 புள்ளி, பதினைந்துக்கும் 90. நாற்பத்தாறு எடுத்தால் வெற்றி. கணக்குப் பாடம் படிப்பிக்கிற நான் முதல் இரவிலேயே ஐந்து இடத்தில் பிழை விட்டேன். ஹெல்மட் நிறம் பார்ப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது, என்ன செய்வது! போகும்போது அவர் என் தாளை வாங்கி, வாகன வெளிச்சத்தில் நீலப் பேனாவால் திருத்தினார். தந்த புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை, தானே வைத்துக்கொண்டார்.

அவருக்கு நீலம்தான் எல்லாம். அவருடைய இளமைக்கால வீரன் நைஜல் பூகொக் நீல நிறத் தோல் உடை உடுத்து ஓடியவராம். 1968இல் கொவென்ட்ரி லீக் வென்றதையும், 1978இல் அதே அணியின் டென்மார்க் வீரர் ஓலே ஓல்சன் வெம்ப்ளியில் மூன்றாவது தடவை உலகச் சாம்பியனானதையும், 2007இல் கார்டிஃபில் கிறிஸ் ஹரிஸ் கடைசி நேரத்தில் முந்திக்கொண்டு போனதையும் நேற்று நடந்தது போலச் சொல்வார். வீட்டில் சப்பாத்துப் பெட்டிகளில் வருட வாரியாகப் புரோகிராம்கள். சிலவற்றில் புள்ளிகள் எழுதப்படாமல் வெறுமையாக இருந்தன. "இரவு வேலை" என்றார். யாரோ வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்கள். முடிவு பத்திரிகையில் வந்தாலும் அவர் அதைப் பார்த்து நிரப்பவில்லை. கண்ணால் காணாததை எழுதக்கூடாதாம்.

இரண்டு விசயங்கள் என் மனதை மாற்றின.

ஒன்று, ஓர் இரவு நடந்த ஓட்டம். நம்ம அணிப் பொடியன் முதலாவதாகப் போகிறான். தூரம் அதிகம், அடிக்க ஆளில்லை. ஆனால் அவன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். பிறகு வேகத்தைக் குறைத்து, பாதையின் வெளிப்பக்கமாக விலகி, பின்னால் வந்த எதிரணிக்காரனின் வழியை மறித்துக்கொண்டு ஓடுகிறான். அந்த இடைவெளியில் மூன்றாவதாக வந்த அவனது சோடி உள்பக்கத்தால் புகுந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டான். இருவரும் கைபிடி முட்டுகிற நெருக்கத்தில் சேர்ந்து முடித்தார்கள். 5-1. சனம் எழுந்து நின்று கத்தியது. தனியாக வென்றிருந்தால் 4-2தான். பெரியவர் என் காதுக்குள் சொன்னார்: "வேகமா ஓட நிறையப் பேருக்குத் தெரியும் டீச்சர். திரும்பிப் பார்த்து ஓடத் தெரிஞ்சவனைத்தான் நாங்க ஞாபகம் வெச்சிருப்போம்."

மற்றது, ஒரு விழுகை. வந்த அணியின் ஒரு வீரன் முதல் வளைவில் விழுந்து வேலியில் அடிபட்டான். அந்தக் கணமே சிவப்பு விளக்குகள் எரிந்தன. மற்ற மூவரும் நிறுத்திவிட்டார்கள். ஆமணக்கெண்ணெய் வாசம் மட்டும் இருந்தது, ஒரு சத்தம் இல்லை. அங்கே இரு அணி ரசிகர்களும் கலந்துதான் நிற்பார்கள், உதைபந்தாட்டம் போலப் பிரித்துவைப்பதில்லை. எனக்குப் பக்கத்தில் எதிரணிச் சால்வை போட்ட ஒரு தாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் அந்த ஜனாஸாவை நினைத்துக்கொண்டு துஆ கேட்டேன். பத்து நிமிடத்துக்குப் பிறகு அந்தப் பொடியன் எழுந்து கையை அசைத்தான். அவனுக்குக் கிடைத்த கைதட்டல் அன்றைக்கு வென்ற எவருக்கும் கிடைக்கவில்லை. வாசலில் காயப்பட்ட வீரர்களின் நிதிக்கு வாளி குலுக்கினார்கள். பெரியவர் போட்டார், நானும் போட்டேன்.

நம்மூர் ரோட்டில் அந்த இரவு சிவப்பு விளக்கு எரியவில்லை. கூட ஓடியவர்கள் நிற்கவுமில்லை. வித்தியாசம் எங்கே என்று எனக்கு விளங்கியது. பைக் அல்ல என் பயம். யாரும் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிற ஓட்டம்தான்.

அதன் பிறகு நான் ஒரு வெள்ளியும் தவறவிடவில்லை. 2016 நோன்பு ஜூன் மாதம் வந்தது. அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை. ஏழரைக்குத் தொடங்குகிற பந்தயம் முடியவும் நோன்பு திறக்கவும் ஏறத்தாழச் சரியாக இருந்தது. பெரியவர் ஒரு போத்தல் தண்ணீரை வைத்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்து, "இன்னும் நாலு நிமிசம் டீச்சர்" என்று எனக்குச் சொல்வார். நான் பேரீச்சம்பழம் ஒன்றை அவருக்கும் கொடுப்பேன். எனக்குத் திறக்கும் வரை அவரும் வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருப்பார்.

அந்தப் பருவம்தான் கடைசி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மைதானம் கைமாறியிருந்தது. வீடு கட்டப் போகிறார்கள் என்று கதை. நான் நாடு திரும்பினேன். அடுத்த வருடம் பிராண்டன் வாசல் திறக்கவில்லை. ஏறத்தாழத் தொண்ணூறு வருட மைதானம் பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்தார்கள், பல தடவை தீ வைத்தார்கள். எரிந்து கிடந்த பார்வையாளர் மேடையின் படத்தை அவர் வட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை.

கொவென்ட்ரி மட்டுமல்ல. விம்பிள்டன், சுவிண்டன், பீட்டர்பரோ, வுல்வர்ஹம்டன் என்று மைதானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. காணியின் விலை ஏற ஏற, கிழமைக்கு ஒரு இரவு பைக் ஓடுகிற இடத்தை யார் வைத்திருப்பது?

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கூட்டம் வைத்தார்கள், கடிதம் எழுதினார்கள், மைதானத்தின் வரலாற்றைத் திரட்டிக் கொடுத்தார்கள். 2022இல் உள்ளூர் சபை வீடு கட்ட அனுமதி மறுத்தது. மேன்முறையீடும் தோற்றது. ஆனால் அனுமதி மறுத்தால் பைக் ஓடிவிடாது. எரிந்த மேடை எரிந்தபடியே கிடந்தது.

பெரியவருக்கு ஒரு சோதனை வந்தது. நாற்பது கிலோமீற்றர் தள்ளி லெஸ்டரில் ஒரு மைதானம் இருக்கிறது. லெஸ்டர் என்றால் பழைய பகை அணி. "செத்தாலும் அங்கே போய்க் கைதட்ட மாட்டேன்" என்றார். ஒரு முழுப் பருவம் எங்கேயும் போகவில்லை. அவருடைய கூட்டாளிமாரில் சிலர் அன்றோடு ஸ்பீட்வேயையே விட்டுவிட்டார்கள்.

2018இல் தேனீக்கள் அணி அதே லெஸ்டர் மைதானத்தைக் கடன் வாங்கி, கீழ்ப் பிரிவில் இளம் பொடியன்மாரோடு கொஞ்சக் காலம் ஓடியது. அதற்குப் போனார். பிறகு அந்த அணியும் நின்றது. ஆனால் அவர் லெஸ்டருக்குப் போவதை நிறுத்தவில்லை. கறுப்பு மஞ்சள் சால்வையைப் போட்டுக்கொண்டு பகை அணியின் ஓட்டத்தைப் பார்க்கிறார். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பொடியன்மார் உயிரைக் கையில பிடிச்சு ஓடுறாங்க டீச்சர். பார்க்கிறதுக்கும் எழுதுறதுக்கும் ஆள் வேணும்தானே" என்றார்.

2021இல் மன்செஸ்டரில் பிரித்தானிய அணி உலகப் பட்டம் வென்றது. 1989க்குப் பிறகு அணியாக வென்ற முதல் பட்டம். அன்றிரவு நம்ம நேரம் விடியச் சாமத்தில் அவரிடமிருந்து செய்தி வந்தது. நீல நிற இதயம் ஒன்று மட்டும்.

இப்போது அவருக்கு வயது எண்பத்து மூன்று. வாகனம் ஓட்டுவதில்லை, பேத்தி கூட்டிப் போகிறாள். கை நடுங்குவதால் புள்ளி எழுதுவதும் பேத்திதான். பெட்டிகளை ஒழுங்குபடுத்தும்போது என்னுடைய முதல் இரவின் புத்தகம் கிடைத்திருக்கிறது. அதைத்தான் அனுப்பியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் நடுங்கிய எழுத்தில், நீலப் பேனாவால், பிள்ளைகளுக்கு நாம் போடுவது போல மார்க்ஸ் போட்டிருக்கிறார்: பதினைந்துக்குப் பத்து. கீழே, "திருந்த இடமுண்டு."

நாளைக்கு அதை வகுப்புக்குக் கொண்டுபோகப் போகிறேன். பத்தாம் ஆண்டில் பைக் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஏசப் போவதில்லை, ஏசினால் கேட்கவும் மாட்டார்கள். பிரேக் இல்லாத பைக் ஓடுகிறவன் ஏன் திரும்பிப் பார்க்கிறான் என்று சொல்லப் போகிறேன். ஒருவன் விழுந்தால் ஏன் நான்கு பேரின் ஓட்டமும் நிற்கிறது என்று சொல்லப் போகிறேன்.

அந்த வாப்பாவுக்கு அன்று பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. சொல்ல வேண்டியது எது என்பது இப்போதுதான் தெரியும்.

பெரியவரின் சுகத்துக்காக துஆச் செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பொடியன் பைக் எடுத்துக்கொண்டு போனால், ஹெல்மட்டை எடுத்துக் கையில் கொடுங்கள்.