மஞ்சள் வண்டியின் சிவப்பு விளக்கு

கொல்கத்தாவின் வயதான அம்பாசடர் டாக்சிகளில், வண்டி நிற்கும்போது ஆயில் பிரஷர் விழுகிறது. கோளாறு சின்ன ஸ்விட்சிலா, தேய்ந்த பேரிங்கிலா? ஒரு டிரைவரின் பல நாள் பிழைப்பு இந்தக் கேள்வியில் தொங்குகிறது.

ஹவுரா பாலத்திலிருந்து இறங்கி படா பஜார் பக்கம் திரும்பும் டாக்சிக்குக் கோடைப் பகலில் சோதனை காத்திருக்கிறது. முன்னால் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி, பக்கத்தில் உரசிக்கொண்டு ஒரு பஸ், பின்னால் ஓயாத ஹாரன். வண்டி நகர்வதில்லை. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, சூடு ஏறிக்கொண்டே இருக்கிறது. வயதான அம்பாசடரின் டாஷ்போர்டில், எண்ணெய்க் கிண்ணம் போன்ற படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடும். காலை எடுத்தால் மறுபடியும் எட்டிப்பார்க்கும்.

மிதித்தால் அணைகிற விளக்குதானே என்று அலட்சியமாக ஓட்டுபவர்கள் உண்டு. அந்த அலட்சியத்துக்குக் கிடைக்கும் தண்டனை சில சமயம் முழு எஞ்சின்.

அம்பாசடர் இந்த மண்ணின் பிள்ளை. ஹவுராவிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில், ஹூக்ளி மாவட்டத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை இருந்தது. பக்கத்து ரயில் நிலையத்துக்கே ஹிந்த்மோட்டார் என்றுதான் பெயர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி 1950களின் கடைசியில் வெளிவந்த வண்டி, பெரிய உருமாற்றம் இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே தயாரானது. 2014 மே மாதம் ஆலையில் வேலை நின்றது. இன்று தெருவில் தென்படும் மஞ்சள் அம்பாசடர் ஒவ்வொன்றும் அதற்கு முன் பிறந்தது. வயதுக்கு உரிய நோய்கள் எல்லாவற்றுக்கும் உண்டு.

நோயைப் புரிந்துகொள்வது கடினமல்ல. எஞ்சினின் அடியில் உள்ள சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சி, சுழலும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் இடையே செலுத்துகிறது ஆயில் பம்ப். புது எஞ்சினில் அந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு வாக்கில் இருக்கும். உலோகத்தோடு உலோகம் தொடாமல் காப்பது அதில் நிற்கும் மெல்லிய ஆயில் படலம்தான். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் பேரிங் தேய்கிறது, இடைவெளி அகல்கிறது. இடைவெளி இரண்டு மடங்கானால், அதே பிரஷரில் அதன் வழியே நழுவும் ஆயில் சுமார் எட்டு மடங்காகும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். வேகமாக ஊற்றினால் குடம் நிறைந்ததுபோல் தெரியும். மெதுவாக ஊற்றினால் ஒன்றும் நிற்காது.

எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பம்பும் வேகமாகச் சுழன்று கசிவை ஈடுகட்டிவிடுகிறது. ஐடிலிங்கில் பம்பும் மந்தமாகிறது. போதாததற்குச் சூட்டில் ஆயில் இளகித் தண்ணீராகிறது. ஆகவே முதுமை தன்னை முதலில் காட்டிக்கொள்வது, சூடான எஞ்சின் சும்மா நிற்கும்போதுதான். இன்னொன்று: பொதுவாக பிரஷர் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டு அளவுக்கு விழுந்தபிறகே இந்த விளக்கு எரியும். முன்னெச்சரிக்கை தருவது அதன் வேலையல்ல, கடைசி எச்சரிக்கைதான்.

இப்படிப்பட்ட வண்டிகள் தேடிப்போகும் இடங்களில் ஒன்று மல்லிக் பஜார். பார்க் ஸ்ட்ரீட்டும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் மூலையில், பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர்போன சந்தை. கழற்றிய கியர்பாக்ஸ், கதவு, ரேடியேட்டர் எல்லாம் இங்கே மறுபிறவிக்குக் காத்திருக்கின்றன. அருகிலேயே 1767இல் திறக்கப்பட்ட பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் அடங்கியிருக்கும் இன்னொரு கல்லறையும் பக்கத்திலேயே. மனிதர்களுக்கு ஓய்வு தரும் தெருமுனையில் வண்டிகளுக்கு மட்டும் ஓய்வில்லை.

நல்ல மிஸ்திரி எஞ்சினை உடனே பிரிக்கமாட்டார். செலவில்லாத சோதனைகளிலிருந்து செலவுள்ளதை நோக்கிப் போவார். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். அளவு குறைந்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. அளவு ஏறியிருந்தால் அது இன்னும் மோசம். ஆயிலை முகர்ந்தால் டீசல் வாடை வரும். எங்கோ கசியும் டீசல் சம்ப்பில் கலந்து ஆயிலை நீர்க்கச் செய்திருக்கும். அடுத்து, ஊற்றியது எந்த கிரேடு ஆயில், மாற்றி எத்தனை நாளாகிறது என்ற விசாரணை. ஐடிலிங் அளவுக்கு மீறிக் குறைத்து வைக்கப்பட்டிருந்தால், ஸ்க்ரூவைத் திருப்புவதோடு வைத்தியம் முடிந்துபோகும்.

பிறகு விளக்கையே சந்தேகிக்க வேண்டும். எஞ்சினில் உள்ள பிரஷர் ஸ்விட்ச் கெட்டாலும், அதன் ஒயர் உரசி இரும்பைத் தொட்டாலும் பொய்யாக விளக்கு எரியும். ஸ்விட்சைக் கழற்றி, அந்தத் துளையில் முள் காட்டும் கேஜை மாட்டினால் உண்மை வெளிவந்துவிடும். எஞ்சின் நன்றாகச் சூடானபின் இரண்டு தடவை பார்க்க வேண்டும்: ஐடிலிங்கில் ஒன்று, 2,000 சுற்றில் ஒன்று. ஒவ்வோர் ஆயிரம் சுற்றுக்கும் 10 பவுண்டாவது வேண்டும் என்பது பட்டறைகளின் பழைய கணக்கு.

இரண்டிலும் முள் சரியாக நின்றால் ஸ்விட்சை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டிலும் தாழ்ந்தே இருந்தால் பம்ப், ஆயில் உறிஞ்சும் வலையில் அடைப்பு, அல்லது அழுக்கு மாட்டித் திறந்தபடி நின்றுவிட்ட ரிலீஃப் வால்வ் என்று தேட வேண்டும். வேகத்தில் சரியாக இருந்து, சூட்டில் ஐடிலிங்கில் மட்டும் விழுந்தால் விரல் பேரிங்கைச் சுட்டுகிறது. கூடவே அடியிலிருந்து 'டக் டக்' ஓசையும் வந்தால் சந்தேகம் வேண்டாம்.

நோயை மறைக்கும் கைவைத்தியங்களுக்கும் பஞ்சமில்லை. கெட்டி ஆயிலை ஊற்றினால் விளக்கு சில நாள் அடங்கும். விற்கப்போகும் வண்டிக்குச் செய்யப்படும் ஒப்பனை இது. ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைப்பது இன்னொன்று. வேகத்தில் பிரஷர் ஏறிக் கண்ணைக் கவரும். ஆனால் ஐடிலிங்கில் அந்த வால்வ் மூடியேதான் கிடக்கிறது. மூடிய கதவுக்குக் கூடுதல் பூட்டு போட்டு என்ன பயன்?

சம்ப்பைக் கழற்றினால் பேரிங் ஷெல் உண்மையைச் சொல்லிவிடும். சாம்பல் நிறம் போய்ச் செம்பு தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. கிராங்க் இன்னும் வட்டமாக, கீறலின்றி இருந்தால் புது ஷெல் போட்டு மூடிவிடலாம். இல்லாவிட்டால் முழு எஞ்சினையும் இறக்கி, கிராங்க்கைக் கடைசலுக்கு அனுப்பிப் பத்து, இருபது என்று இழைத்து, அதற்கேற்ற தடித்த ஷெல் போட வேண்டும்.

வாடகைக்கு ஓட்டும் டிரைவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ரிப்பேர் செலவு பெரும்பாலும் வண்டி முதலாளியுடையது. ஆனால் பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களின் வருமானம் டிரைவருடையது. அவர்களில் பலர் பீகார் கிராமங்களில் இருக்கும் குடும்பங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள். கேஜ் மாட்டிப் பார்க்கும் அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்து, விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிடும் ஆசை வருவது இதனால்தான். ஓடும்போது எஞ்சின் இறுகிக்கொண்டால் போவது அரை மணி நேரமல்ல, வண்டி.

முதலாளிக்கு வேறொரு கணக்கு. 15 ஆண்டு தாண்டிய வாடகை வண்டிகள் கொல்கத்தா பெருநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2008இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கணக்கில் 2014இல் பதிவான வண்டிக்குக்கூட 2029தான் எல்லை. மூன்று வருடம் மிச்சமிருந்தால் கிராங்க்கை இழைக்கலாம். ஒரு வருடம் என்றால் ஷெல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். சில மாதமே என்றால் கெட்டி ஆயில், சாமி படம், மெதுவான ஓட்டம். மிஸ்திரி கேஜைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை, முதலாளி பதிவுப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தி எழுதுகிறார்.